பழைய கடனில் அடிபட்டவர் நிலத்தை மீண்டும் ஈடு வைக்குமுன்

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். விவசாயி அப்படி ஒதுங்கி நிற்க முடிவதில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கினால் ஆழப்படுத்தியாக வேண்டும். மோட்டார் எரிந்தால் மாற்றியாக வேண்டும். கறவை மாடு வாங்கவும், மேட்டாங்காட்டைச் சமப்படுத்தவும், சொட்டுநீர்க் குழாய் போடவும் மொத்தமாகப் பணம் வேண்டியிருக்கிறது. ஆகவே ஒருமுறை கடனில் சிக்கி, வட்டி கட்டியே நொந்து மீண்டவர்கூட, நாலைந்து ஆண்டுகளில் மறுபடியும் நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கடன் கேட்கப் போக நேரிடுகிறது.

அப்படிப் போகிறவர் முதலில் கேட்பது "வட்டி எவ்வளவு?" என்பதுதான். அது கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "ஈடு வைக்கும் நிலம் எந்த வழியில் திரும்பி வரும்? அந்த வழி பத்திரத்தில் எழுதியிருக்கிறதா?" என்பதே அது. வட்டி கொஞ்சம் கூடினாலும் கட்டி மீளலாம். நிலம் திரும்பும் வழி பத்திரத்தில் இல்லாவிட்டால், வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கடன் ஆகாது.

அடமானக் கடனுக்கும் விவசாயிக்கும் உள்ள தொடர்பு நம் மாநிலத்தில் நெடுங்காலத்தது. சென்னை மாகாணத்தில் 1929-இல் மத்திய நில அடமான வங்கி தொடங்கப்பட்டது. அந்நாளில் இவ்வகை வங்கிகள் கொடுத்த கடனில் பெரும்பகுதி, லேவாதேவிக்காரரிடம் பட்ட பழைய கடனை அடைப்பதற்காகவே தரப்பட்டது. கிணறு வெட்டவும் நிலத்தைத் திருத்தவும் கடன் தரும் வேலை பின்னால்தான் பெருகியது. நிலவள வங்கி என்ற பெயரும் அதை ஒட்டி வந்ததே. ஆக, பழைய கடனால் நொடிந்தவருக்கு முறையான நீண்டகாலக் கடன் கைகொடுக்கும் என்பது அன்றே கண்டறிந்த உண்மை. எந்தக் கடன், எந்தப் பத்திரம், எந்தத் தவணை என்று பார்த்து எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கணக்கை முதலில் பைசல் செய்க

புதுக் கடனுக்கு விண்ணப்பம் எழுதுமுன் பழைய கடனின் தடம் எங்கெங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று இடங்களில் அது ஒளிந்திருக்கும்.

முதலாவது, வில்லங்கச் சான்று. முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது நல்லது. பதிவுத்துறையின் இணையதளத்திலும் இப்போது பார்க்கலாம். எப்போதோ கட்டி முடித்த கடனுக்கு எழுதிக்கொடுத்த ஈடு இன்னும் அப்படியே நிற்பதைப் பலர் அப்போதுதான் காண்கிறார்கள். பணம் கட்டிய ரசீது வீட்டில் இருந்தால் மட்டும் போதாது. கடன் கொடுத்தவர் ரசீது ஆவணம் எழுதி, அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் வில்லங்கம் விலகும்.

இரண்டாவது, கூட்டுறவுச் சங்கத்தின் பேரேடு. தமிழகத்தில் 2021-ஆம் ஆண்டில் கூட்டுறவு நிறுவனங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கிய 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. அந்தத் தள்ளுபடி பயிர்க்கடனுக்கு உரியது. அதைப் பெற்றவர் வேறு வகைக் கடனும் அடைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டால் பின்னால் சங்கடம். சங்கத்தில் எந்தக் கணக்கிலும் பாக்கி இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கை. 'சிபில்' என்று ஊரில் பேசப்படுவது இதுதான். இதுபோன்ற நிறுவனங்கள் நாட்டில் நான்கு இயங்குகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனமும் தன் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 300-லிருந்து 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் மட்டும் பார்த்தால் போதாது. கீழே உள்ள ஒவ்வொரு கடன் வரியையும் படிக்க வேண்டும். தன் கடனோடு, பிறருக்கு ஜாமீன் நின்ற கடனும் அதில் ஏறியிருக்கும். மகளிர் குழுவுக்கு நிதி நிறுவனம் தந்த கடன்கூட இருக்கலாம்.

இங்கே ஒரு நுட்பம். வங்கியோடு பேசி, வட்டியிலும் அசலிலும் கொஞ்சம் குறைத்து ஒரே தடவையில் கட்டித் தீர்த்திருந்தால், அது 'முடிந்தது' என்று ஏறாது. 'தீர்வு செய்யப்பட்டது' என்றே ஏறும். அடுத்துக் கடன் தருகிறவர் அதைக் குறையாகவே பார்ப்பார். குறைத்த தொகையையும் கட்டிவிட வசதி வந்தால், பழைய வங்கியிடம் பேசிக் கட்டி, கணக்கு முழுமையாக முடிந்ததாக எழுதித் தரும்படி கேட்கலாம். தவறான வரி ஏதும் இருந்தால் உடனே எழுதிப்போட வேண்டும். புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் விதி நடைமுறையில் இருக்கிறது.

பழைய தவறை மறைத்து விண்ணப்பிப்பதில் பயன் இல்லை. மேலாளர் அறிக்கையைத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும். எந்த ஆண்டு மழை பொய்த்தது, எப்போது தவணை தவறியது, எப்படிக் கட்டி முடித்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, ரசீதுகளையும் சேர்த்துக் கொடுப்பதே மேல். தவறிய கடனைக் கட்டி முடித்தவர் என்ற எண்ணம் அப்போதுதான் பிறக்கும்.

ஈடு வைக்காமலே முடியுமா?

நிலத்தை ஈடு வைக்குமுன், வைத்துத்தான் ஆக வேண்டுமா என்று பார்க்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல், ஒருவருக்கு 2 லட்ச ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கிகள் நில அடமானமோ ஜாமீனோ கேட்கக் கூடாது. அதற்கு முன் இந்த வரம்பு 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயாக இருந்தது. தேவை ஒன்றரை லட்சம் என்றால் மூலப்பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

பயிர்ச் செலவுக்கு நிலத்தை ஈடு வைப்பது பெரிய தவறு. அதற்கென 1998 முதல் விவசாயிகள் கடன் அட்டைத் திட்டம் இருக்கிறது. பயிர்ச் செலவோடு அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் ஒரு பங்கு சேர்த்தே அதில் வரம்பு போடுகிறார்கள். வங்கிகளில் 3 லட்ச ரூபாய் வரை 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான் விழும். தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் கெடுவுக்குள் பயிர்க்கடனைக் கட்டுகிறவருக்கு வட்டியே இல்லை. இதை விட்டுவிட்டு உரம் வாங்க நிலத்தை எழுதிக்கொடுப்பது, விறகுக்காக உத்தரத்தைப் பிடுங்குவது போன்றது.

வெளியாரிடம் கூடுதல் வட்டிக்கு வாங்கித் தவிக்கும் விவசாயிக்கு அந்தக் கடனை அடைக்க வங்கி தரும் கடன், முன்னுரிமைத் துறைக் கடன்களில் விவசாயக் கடனாகவே சேர்க்கப்படுகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. கேட்ட உடனே கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. அது மேலாளரின் முடிவைப் பொறுத்தது. ஆனாலும் 'வீட்டுச் செலவு' என்றோ 'சொந்தத் தேவை' என்றோ எழுதாமல், யாரிடம் எவ்வளவு பாக்கி, என்ன வட்டி என்று விவரமாக எழுதி இந்த வகையில் கேட்பது நல்லது.

நான்கு வகைப் பத்திரங்கள்

ஈடு வைத்தே தீர வேண்டும் என்று வந்தால், அடுத்துக் கவனிக்க வேண்டியது பத்திரத்தின் வகை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் அடமானம் பல வகையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சிறு விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. அடமானம் போலக் காட்டி எழுதி வாங்கப்படும் நான்காவது ஒன்றும் உண்டு. அதைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

சாதா அடமானம்: நிலம் விவசாயியின் கையிலேயே இருக்கும்; அவரே உழுது பயிரிடுவார். கடன் தவறினால் கொடுத்தவர் தாமாக நிலத்தில் இறங்க முடியாது. நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் பணம் கட்டி மீட்க அவகாசம் கிடைக்கும்.

பத்திர ஒப்படைப்பு அடமானம்: மூலப்பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குவது. வங்கிகள் பெரிதும் இதையே கேட்கின்றன. நிலம் இதிலும் விவசாயியின் கையில்தான் இருக்கும். ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியலை எழுதி, வங்கியின் முத்திரையோடு ஒரு நகல் பெற்றுக்கொள்வது அவசியம்.

போக்கியம் அல்லது ஒத்தி: நிலத்தைக் கடன் கொடுத்தவரின் சுவாதீனத்தில் விட்டுவிடுவது. வட்டிக்குப் பதிலாக அவர் விளைச்சலை எடுத்துக்கொள்வார். நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவர இதில் அவருக்கு வழி இல்லை. ஆனால் விளைச்சலும் இவருக்கு இல்லை. அசலைச் சேர்க்க வேறு வருமானம் இல்லாதவர் ஒத்திக்கு விட்டால், ஆண்டுகள் ஓடுமே தவிர நிலம் திரும்பாது. பால்மாடு, கூலி, வெளியூர்ச் சம்பளம் என்று வேறு வரவு இருப்பவருக்கு மட்டுமே இது ஒத்துவரும். வரவும் செலவும் போக மிஞ்சுவது அசலில் கழியும் என்று எழுதினால் நல்லது.

நான்காவது, கடனுக்காகக் கிரயம் எழுதிக்கொடுப்பது. "அடமானப் பத்திரம் என்றால் செலவும் அலைச்சலும் அதிகம், பேருக்குக் கிரயம் எழுதிக்கொடுங்கள், பணத்தைத் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார் கடன் கொடுப்பவர். பேச்சில் அன்பு இருக்கும். பத்திரத்தில் அது இருக்காது. நிலத்தைத் திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால்தான் சட்டம் அதை அடமானமாகப் பார்க்கும். வேறு தாளில் எழுதினாலும், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் அது அடமானம் ஆகாது. அன்றைக்கே நிலம் விற்றுப்போனதாகவே ஆகும்.

கிரய ஒப்பந்தம் எழுதி, கடனை முன்பணமாகக் காட்டுவதும் இதே போன்ற அபாயமே. ஒப்பந்தப்படி கிரயம் செய்துதர உத்தரவிடுவதா வேண்டாமா என்பதில் முன்பு நீதிமன்றத்துக்குச் சற்று விருப்புரிமை இருந்தது. 2018-இல் வந்த சட்டத் திருத்தம் அதைப் பெரிதும் குறைத்துவிட்டது. 5 லட்ச ரூபாய் கடனுக்கு 30 லட்ச ரூபாய் நிலத்தின் மேல் ஒப்பந்தம் எழுதியவர், "இது கடன்தான்" என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப் படாத பாடு பட வேண்டும். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதும், நிரப்பாத புரோநோட்டிலும் காசோலையிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் இதே இனந்தான்.

பழைய கடனில் சிக்கியவருக்கு வங்கிக் கதவு சட்டென்று திறக்காது என்பது தெரிந்தே இப்படிப்பட்டவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். அவசரமும் கூச்சமும் சேரும்போதுதான் கையெழுத்து தவறான தாளில் விழுகிறது. பத்திரத்தின் தலைப்பில் 'அடமானம்' அல்லது 'ஈடு' என்று இருக்கிறதா, 'கிரயம்' என்று இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்திருந்தாலே தப்பியிருக்கக்கூடிய குடும்பங்கள் உண்டு. எழுத்து வராதவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கொண்டாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அத்தகைய வட்டிக்காக நிலத்தை எழுதிக்கேட்டு மிரட்டினால் காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் புகார் தரலாம்.

வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது

வட்டியைச் சொல்லும் விதத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 'மூன்று ரூபாய் வட்டி' என்றால் காதுக்குச் சின்னத் தொகை. மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். 3 லட்ச ரூபாய்க்கு மாதம் 9,000 ரூபாய். ஆண்டுக்கு 1 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய். இவ்வளவு கட்டியும் அசலில் ஒரு ரூபாய் குறையாது.

அதே 3 லட்சத்தை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில், 5 ஆண்டுத் தவணையில் வாங்கினால் ஆண்டுத் தவணை சுமார் 79,140 ரூபாய். ஐந்தே ஆண்டில் அசலும் வட்டியும் தீர்ந்துவிடும். மூன்று ரூபாய் வட்டிக்காரருக்கு ஆண்டுதோறும் கட்டுவதைவிடக் குறைந்த பணத்தில் கடனே அடைகிறது.

நிதி நிறுவனங்கள் சில "10 சதவீதந்தான்" என்று சொல்லி, முழு அசலுக்கும் ஐந்தாண்டு வட்டியை மொத்தமாகப் போட்டுவிடும். 3 லட்சத்துக்கு 1 லட்சத்து 50 ஆயிரம் வட்டி. ஆண்டுக்கு 90,000 ரூபாய் கட்ட வேண்டும். குறையும் வட்டி முறையில் மொத்தம் கட்டுவது சுமார் 3 லட்சத்து 95 ஆயிரத்து 700 ரூபாய். இந்த முறையில் 4 லட்சத்து 50 ஆயிரம். இரண்டுக்கும் பெயர் பத்து சதவீதமே. ஆகவே "குறையும் அசலுக்கு வட்டியா, முழு அசலுக்கு வட்டியா?" என்று கேட்டே ஆக வேண்டும். பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், காப்பீட்டுத் தொகை என்று முன்னால் பிடிப்பதையும் சேர்த்தால்தான் உண்மையான செலவு தெரியும்.

தவணை விளைச்சலோடு ஒத்துப்போக வேண்டும்

கடன் தவறுவதற்கு வட்டியைவிடத் தவணையே பெரும்பாலும் காரணமாகிறது. விவசாயியின் வீட்டுக்கு மாதச் சம்பளம் வருவதில்லை. நெல்லோ கடலையோ கரும்போ விற்றால்தான் பணம். மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டு, பயிர் நிலத்தில் நிற்கும்போது தவணை கட்டக் கைமாற்று வாங்குகிறவர், ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கியவராகிறார். பழைய சிக்கல் பலருக்குத் தொடங்கியதே இப்படித்தான். ஆகவே அறுவடை முடிந்து ஒரு மாதம் கழித்துக் கெடு வருமாறு, ஆறு மாதத் தவணையோ ஆண்டுத் தவணையோ கேட்க வேண்டும். பால் ஊற்றுகிறவருக்கு மட்டும் மாதத் தவணை சுமையாகத் தோன்றாது.

எத்தனை ஆண்டுத் தவணை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மூன்று ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சாகுபடிச் செலவு போக ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் வருகிறது. குடும்பச் செலவு 1 லட்சத்து 60 ஆயிரம். மிச்சம் 80,000 என்று வைத்துக்கொள்வோம். கிணற்றுக்கும் குழாய்க்கும் 3 லட்ச ரூபாய் தேவை. வட்டி 10 சதவீதம்.

5 ஆண்டு என்றால் தவணை சுமார் 79,140 ரூபாய். மிச்சம் முழுவதும் அதற்கே போய்விடும். ஐந்தில் ஒரு ஆண்டு மழை பொய்த்தால் கடன் தவறும்.

7 ஆண்டு என்றால் தவணை சுமார் 61,620 ரூபாய். ஆண்டுக்கு 18,000 ரூபாய்க்குமேல் கையில் நிற்கும். மூன்று நல்ல ஆண்டுகளில் சேர்வது, ஒரு கெட்ட ஆண்டின் தவணைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

9 ஆண்டு என்றால் தவணை சுமார் 52,090 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 28,000 ரூபாய் நிற்கும். இரண்டு நல்ல ஆண்டுகளில் ஒரு கெட்ட ஆண்டுக்கு வேண்டியது சேர்ந்துவிடும்.

ஒன்பதாண்டுக் கடனில் ஐந்தாண்டுக் கடனைவிடச் சுமார் 73,000 ரூபாய் வட்டி கூடுதல்தான். கடனே அறியாதவர் குறுகிய தவணையை எடுத்து வட்டியை மிச்சப்படுத்தலாம். ஒருமுறை தவறியவர் இரண்டாம் முறையும் தவறினால் பிறகு எந்த வங்கியும் நம்பாது. அவருக்கு நீண்ட தவணையே காப்பு. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் கூடுதலாகக் கட்டி அசலைக் குறைக்க அனுமதி உண்டா, அதற்கு அபராதம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், அந்தக் கூடுதல் வட்டியிலும் பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம்.

இன்னொன்று. நிலத்தின் மதிப்பு அனுமதிக்கும் அளவுக்கெல்லாம் கடன் வாங்கக் கூடாது. 3 லட்சம் போதும் என்று போனவரிடம் "நிலத்துக்கு 8 லட்சம் வரை தரலாம்" என்று சொன்னால் மனம் தடுமாறும். கடனைத் திருப்பிக் கட்டுவது நிலத்தின் மதிப்பு அல்ல, அதன் விளைச்சலே.

யாரிடம் வாங்குவது?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், கூட்டுறவு வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி, தமிழ்நாடு கிராம வங்கி, நாட்டுடைமை வங்கிகள் ஆகிய இடங்களில் முதலில் கேட்க வேண்டும். ஓரிடத்தில் இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, குறையைச் சரிசெய்துகொண்டு அடுத்த இடத்தில் கேட்கலாம். ஒரே வாரத்தில் பத்து இடங்களில் விண்ணப்பம் போடுவது நல்லதல்ல. ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஏறி, பணத்துக்குப் பறக்கிறவர் என்ற எண்ணத்தை உண்டாக்கும்.

நிலத்தை ஈடு காட்டுவதற்கும் வீட்டை ஈடு காட்டுவதற்கும் உள்ள வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். கடன் தவறினால் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிகளுக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதிகாரம் தருகிறது. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. பதிவேட்டில் விவசாய நிலம் என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் பயிர் செய்யப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டுக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே விவசாயச் செலவுக்குக் குடியிருக்கும் வீட்டை ஈடு காட்டுமுன் பலமுறை யோசிக்க வேண்டும். கூட்டுறவு நிறுவனங்களுக்கு வசூல் செய்யத் தனிச் சட்ட வழி இருக்கிறது; அங்கே வாங்கியதும் கட்ட வேண்டிய கடனே.

தவணை தவறும் போலிருந்தால்

பழைய கடனில் பலரும் செய்த பெரிய பிழை, தவணை தவறியதும் வங்கிப் பக்கமே போகாமல் இருந்ததுதான். கெடுவுக்கு முன்னாலேயே போய்ச் சொல்ல வேண்டும். வறட்சியாலோ வெள்ளத்தாலோ பாதிக்கப்பட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்டால் தவணையை மாற்றியமைக்க வழி இருக்கிறது. அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

தவறிய தவணைக்கு விதிக்கும் அபராதத்தை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டது. 2024 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கணக்கில் அப்படி ஏறியிருந்தால் எழுத்து மூலம் கேட்க வேண்டும். 30 நாளில் வங்கியோ நிதி நிறுவனமோ பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அதை வாங்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தரும். மக்கள் நீதிமன்றத்தில் இருதரப்பும் பேசி முடித்துக்கொள்ளவும் இயலும்.

கட்டி முடித்த அன்று

கடைசித் தவணையைக் கட்டியதோடு வேலை முடிவதில்லை. கடன் முழுவதும் தீர்ந்தபின் 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவான வில்லங்கத்தையும் நீக்க வங்கி ஏற்பாடு செய்ய வேண்டும். வங்கியின் குறையால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. 2023 டிசம்பர் முதல் இந்த விதி இருக்கிறது. ரசீது ஆவணம் பதிவானதும் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அதையும் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை

1. பத்திரத்தின் பெயர் அடமானமா, கிரயமா, கிரய ஒப்பந்தமா?

2. நிலம் யார் சுவாதீனத்தில் இருக்கும்?

3. வட்டி ஆண்டுக்கு எத்தனை சதவீதம்? குறையும் அசலுக்கா, முழு அசலுக்கா? இடையில் மாறுமா?

4. வட்டி தவிர முன்னால் பிடிக்கும் கட்டணங்கள் எவ்வளவு?

5. தவணைக் கெடு அறுவடைக்குப் பிறகு வருகிறதா?

6. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா?

7. ஒரு தவணை தவறினால் என்ன செய்வார்கள்? அது பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது?

8. கையெழுத்திட்ட எல்லாத் தாள்களின் நகலும் கிடைக்குமா?

இந்த எட்டுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறவரிடம் கடன் வாங்கலாம். "அதெல்லாம் எதற்கு, நம்பிக்கைதானே முக்கியம்" என்று சொல்கிறவரிடமிருந்து பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புவது நல்லது. மோட்டார் இன்னொரு மாதம் ஓடாமல் இருக்கலாம். எழுதிக்கொடுத்த நிலம் திரும்பி வருவதில்லை.